சொல் ஒன்று... பொருள் வேறு!



ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நயினாதீவில் ஓர் உம்மம்மா. அவருடைய மகன் பல வருடங்களாக இலண்டனில். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் அதிகம். ஒரு நாள் தொலைபேசியில் பேத்தி சொல்கிறாள்: "உம்மம்மா, வாப்பா இன்றைக்குக் கதைக்க மாட்டார். ஹீ இஸ் அண்டர் த வெதர்."

உம்மம்மாவுக்கு 'அண்டர்' என்றால் கீழே என்று தெரியும். 'வெதர்' என்றால் வானிலை என்றும் தெரியும். வானிலைக்குக் கீழே என்றால்...? மகன் மழையிலும் பனியிலும் வெளியே நிற்கிறானா? இருந்த வீடு போய்விட்டதா? அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. தொழுகைப் பாயிலேயே பொழுது விடிந்துவிடுகிறது.

மகனுக்கு வந்ததோ வெறும் தடிமன்! "உடம்புக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்பதை ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வார்கள்.

இது பிறகு சொல்லிச் சிரிக்கக் கூடிய தவறு. இன்னொரு காட்சியைப் பாருங்கள். அதே உம்மம்மா இப்போது வைத்தியசாலையில். கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில். தமிழ் தெரியாத வைத்தியர் ஒருவர் வந்து, "ஹீ இஸ் நொட் அவுட் ஒஃப் த வூட்ஸ் யெட்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். 'வூட்ஸ்' என்றால் காடு. காட்டுக்கும் கணவரின் நெஞ்சு வலிக்கும் என்ன தொடர்பு? கேட்க வெட்கம். தலையை ஆட்டிவிட்டு மகனுக்குச் சொல்கிறார்: "வைத்தியர் வந்து பார்த்தார் மகன். பயப்பட ஒன்றுமில்லை. நீ வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம்."

வைத்தியர் சொன்னது என்ன தெரியுமா? "ஆபத்து இன்னும் நீங்கவில்லை" என்பதுதான். வந்து வாப்பாவின் கையைப் பிடித்திருக்க வேண்டிய மகன் வராமலே இருந்துவிடுகிறான்.

ஒரு சின்னத் தொடர். அதற்குள் எவ்வளவு பெரிய விடயம் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா?

நம் மொழியில் இல்லையா?

இப்படிச் சொற்கள் ஒன்றைச் சொல்ல, பொருள் வேறொன்றாக நிற்பதைத்தான் மரபுத்தொடர் என்கிறோம். "ஆங்கிலம் பொல்லாத மொழி" என்று சலித்துக் கொள்ளுமுன் நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள்.

"மருமகள் முழுகாமல் இருக்கிறாள்" என்று மாமி மகிழ்ச்சியோடு சொல்கிறார். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால் அவள் குளிக்கவில்லை என்று ஆகிவிடும்! அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது நமக்குத்தான் விளங்கும். அதே முழுக்குத்தான்; "அவனைத் தலைமுழுகி விட்டேன்" என்றால் உறவை அறுத்துவிட்டேன் என்று பொருள். "பையனுக்குக் கால்கட்டுப் போட வேண்டும்" என்றால் காலில் காயம் ஒன்றும் இல்லை. கல்யாணம் பேச வேண்டும். விடைபெறும்போது "போயிட்டு வாறன்" என்கிறோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை நம்பிக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் யார் பிழை?

நம் மூதாதையர் இந்தத் தொடர்களைப் பள்ளியில் படிக்கவில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். ஆங்கிலேயரும் அப்படியே. ஆகவே ஆங்கில மரபுத்தொடர் விளங்காமல் போவது அறிவுக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு. இதை முதலில் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கல் எதிர்த் திசையிலும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பீற்றர் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தமிழரோடு பழக வேண்டுமானால் அவர்களுடைய பழமொழிகள் விளங்க வேண்டும் என்று கண்டு, அவற்றைத் திரட்டி ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டார். 1874-இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. படித்த துரையே நம் பேச்சை விளங்கிக் கொள்ளக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார் என்றால், அவர் மொழியைப் பற்றிக் கேட்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

தீவகத்தின் பெயர்களைப் பாருங்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்ப் பெயர்களே இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகின்றன. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்தில் 'கேய்ட்ஸ்' என்கிறோம். அது ஆங்கிலச் சொல்லே அல்ல. கப்பல் அணையும் துறையைக் குறிக்கும் 'காய்ஸ்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. அந்தத் துறையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றி அனுப்பியதால், யானைத்துறை என்றே போர்த்துக்கேயர் அதை அழைத்தார்கள்.

1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. வேலணைத்தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்டர்டாம்! 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மற்றப் பெயர்களெல்லாம் காலப்போக்கில் வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது. குறிகாட்டுவானில் படகேறும்போது அந்தப் பெயரைக் கேட்கிறோம். அகராதியில் எவ்வளவு தேடினாலும் அந்தச் சொல்லுக்குள் நெடுந்தீவு கிடைக்காது. அதன் வரலாறு தெரிந்தால்தான் விளங்கும். மரபுத்தொடரும் அப்படித்தான்.

இந்த ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் கடல் வணிகத்தில் கடும் போட்டி இருந்தது. 1652-க்கும் 1674-க்கும் இடையில் மட்டும் மூன்று போர்கள் செய்தார்கள். பகை மொழியிலும் ஏறியது. 'டச்சு' என்ற சொல்லை முன்னால் வைத்துக் கிண்டல் செய்வது ஆங்கிலத்தில் ஒரு வழக்கமாகி, போர்கள் ஓய்ந்து நெடுங்காலம் சென்ற பின்னும் தொடர்ந்தது. இவற்றைக் கேட்டிருப்பீர்கள்:

'டபிள் டச்' - ஒன்றுமே விளங்காத பேச்சு. 'இட் வோஸ் டபிள் டச் டு மீ' என்றால் எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை என்று பொருள்.

'கோ டச்' - ஒல்லாந்துக்குப் போவது அல்ல. சேர்ந்து சாப்பிட்டுவிட்டு அவரவர் பங்கை அவரவர் கொடுப்பது. தோழி 'லெட்ஸ் கோ டச்' என்றால் பயணப் பையைக் கட்ட வேண்டாம். பணப் பையை எடுத்தால் போதும்!

'டச் அங்கிள்' - முகத்துக்கு நேரே கண்டித்துப் புத்தி சொல்பவர். அவர் மாமாவாக இருக்க வேண்டியதில்லை.

'டச் கறேஜ்' - குடித்துவிட்டு வருகிற போலித் துணிவு. இந்தத் துணிவு உங்கள் மகனிடம் இருப்பதாக யாராவது எழுதினால் பெருமைப்பட்டுவிடாதீர்கள்!

யானையும் குதிரையும் படகும்

யானைத்துறையிலிருந்து ஒரு யானைத் தொடருக்கு வருவோம். 'வைட் எலிஃபன்ட்' என்றால் வெள்ளை யானை. பாராட்டுப் போலத் தெரிகிறதா? இல்லை. பயன் எதுவும் தராமல் ஓயாமல் செலவு வைக்கும் பொருளையே அப்படிச் சொல்வார்கள். சீயம் நாட்டு மன்னர்கள் தங்களுக்குப் பிடிக்காத பிரபுக்களுக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார்களாம். அதை வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. தீனி போட்டே அந்தப் பிரபு ஓட்டாண்டி ஆகிவிடுவாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதைதான். ஆனாலும் தொடரை நினைவில் வைக்க உதவுகிறது.

நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் இன்றும் மந்தையாகத் திரிகின்றன. ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. ஆங்கிலத்திலும் குதிரைத் தொடர்கள் மந்தையாக உண்டு. 'ஹோல்ட் யுவர் ஹோர்சஸ்' என்றால் "கொஞ்சம் பொறுங்கள், அவசரப்படாதீர்கள்" என்று பொருள். ஒரு செய்தி 'ஸ்ட்ரெய்ட் ஃப்ரொம் த ஹோர்சஸ் மௌத்' வந்தது என்றால், சம்பந்தப்பட்டவர் வாயிலிருந்தே நேரடியாக வந்தது என்று அர்த்தம். இனாமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்றும் ஒரு தொடர் உண்டு. குதிரையின் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள் அல்லவா? "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுவே. அவர்களுக்குக் குதிரை, நமக்கு மாடு. குறை சொல்லும் மனிதக் குணம் எங்கும் ஒன்றுதான்!

தீவகத்துப் பெண்களுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆங்கிலேயரும் கடலோடிகள் ஆனதால் கடல் தொடர்கள் எளிதில் பிடிபடும். 'இன் த சேம் போட்' என்றால் ஒரே படகில், அதாவது இருவருக்கும் ஒரே கஷ்டம். 'ஓல் அட் சீ' என்றால் கரை தெரியாமல் திகைத்து நிற்பது. 'நோ த றோப்ஸ்' என்றால் கயிறுகளைத் தெரிந்திருத்தல். பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று அறிந்தவனே மாலுமி. ஆகவே தொழிலின் நெளிவு சுளிவு அறிந்தவரை அப்படிச் சொல்கிறார்கள்.

'பேர்ன் யுவர் போட்ஸ்' என்பது படகுகளை எரிப்பது. திரும்பிப் போக வழியில்லாதபடி ஒரு முடிவில் இறங்கிவிடுவதை இது குறிக்கும். கி.பி. 711-இல் ஸ்பெயினில் இறங்கிய தளபதி தாரிக் பின் ஸியாத் தம் கப்பல்களை எரித்தார் என்று நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கதை பல நூற்றாண்டுகள் கழித்தே ஏடுகளில் ஏறியது என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதைத் தயக்கத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் அவர் இறங்கிய மலைக்கு 'ஜபல் தாரிக்' என்ற பெயர் வந்து, அதுவே 'ஜிப்ரோல்டர்' எனத் திரிந்தது உறுதி. துறையின் சொல் 'கேய்ட்ஸ்' ஆனது போலத்தான்!

ஹராமான சொல்லா?

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டைக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் 'ஹம்மன்ஹீல்'. பன்றித் தொடையின் குதிப் பகுதி என்று பொருள். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித் தொடையாகத் தெரிந்ததாம்! நமக்கு அது மாங்காய். உண்பதையும் காண்பதையும் வைத்துத்தான் எந்த மக்களும் பேசுவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆங்கிலப் பாடத்தில் 'பிரிங் ஹோம் த பேக்கன்' என்ற தொடரைக் கண்டு நம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். பேக்கன் என்பது பன்றி இறைச்சி. ஆனால் தொடரின் பொருள் "உழைத்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்து வருதல்" என்பதுதான். ஹலாலாக உழைக்கும் ஒருவரைப் பற்றியும் ஆங்கிலேயர் அப்படிச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். நாம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதே கருத்துக்கு 'ஏர்ன் அ லிவிங்' என்ற நல்ல தொடர் இருக்கிறது. கண்ணேறு படாமலிருக்க 'டச் வுட்' என்று மரத்தைத் தொடுவதும் அவர்கள் பழக்கம். நமக்கு அந்த இடத்தில் "மாஷா அல்லாஹ்" இருக்கிறதே! பொருளை அறிவது வேறு, நாம் பின்பற்றுவது வேறு.

உயிரோடு தொடர்புள்ள தொடர்கள்

இனி வைத்தியசாலைக்கு வருவோம். இந்தப் பகுதியைத் தனியே எழுதி வைத்துக் கொள்ளுங்கள், சகோதரிகளே.

'டச் அன்ட் கோ' - தொட்டுவிட்டுப் போவது அல்ல. நிலைமை எந்தப் பக்கமும் சாயலாம், மிகவும் கவலைக்கிடம்.

'நொட் அவுட் ஒஃப் த வூட்ஸ்' - ஆபத்து இன்னும் நீங்கவில்லை.

'ஒன் த மென்ட்' - தேறி வருகிறார்.

'ஹீ வில் புல் த்ரூ' - பிழைத்துக் கொள்வார்.

'பாஸ்ட் அவே', 'வீ லொஸ்ட் ஹிம்' - இரண்டும் மரணச் செய்தி. 'லொஸ்ட்' என்றவுடன் ஆளைக் காணவில்லை என்று எண்ணித் தேடக் கூடாது.

'கிக் த பக்கெட்' என்றாலும் இறப்புத்தான். ஆனால் அது கேலிப் பேச்சு. அனுதாபக் கடிதத்தில் அதை எழுதினால் ஒரு குடும்பத்தின் மனம் புண்ணாகிவிடும். பொருள் ஒன்றாக இருந்தாலும் மரியாதை ஒன்றாக இருக்காது.

தலைகீழாகப் பேசும் தொடர்கள்

சில தொடர்கள் விளங்கியது போலவே இருக்கும்; பொருளோ நேர் எதிராக இருக்கும். இவைதான் மிகவும் ஏமாற்றுபவை.

'குவைட் அ ஃபியூ' - 'ஃபியூ' என்றால் சில. ஆனால் இந்தத் தொடருக்கு 'நிறைய' என்று பொருள்.

'ஐ குடன்ட் அக்ரீ மோர்' - 'குடன்ட்' என்றதும் மறுக்கிறார் என்று எண்ணாதீர்கள். "இதைவிட அதிகமாக ஒத்துக்கொள்ள முடியாது", அதாவது முழுச் சம்மதம்.

'லீவ்ஸ் மச் டு பி டிசயர்ட்' - பிள்ளையின் பாடசாலை அறிக்கையில் இதைக் கண்டால் பலகாரம் செய்யாதீர்கள். வேலை திருப்தியாக இல்லை என்று ஆசிரியர் நாகரிகமாகச் சொல்கிறார்.

'டேர்ன்ட் டவுன்' - விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 'டேர்ன்ட் அப்' - ஆள் வந்து சேர்ந்தார்.

'ஃபெல் த்ரூ' - பேசிய காரியம் கைகூடவில்லை. திருமணப் பேச்சைப் பற்றி இப்படிக் கடிதம் வந்தால், சம்பந்தம் முறிந்துவிட்டது என்று அறியுங்கள். 'கோல்ட் ஃபீட்' என்று எழுதியிருந்தால் மணமகனுக்குக் கால் குளிரவில்லை. கடைசி நேரத்தில் மனம் தயங்குகிறது!

என்ன செய்யலாம்?

முதலாவதாக, சொற்கள் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லையா? உடனே சந்தேகப்படுங்கள். வைத்தியசாலையில் காடு வந்தால், பாடசாலையில் படகு வந்தால், அது பெரும்பாலும் மரபுத்தொடர்தான்.

இரண்டாவதாக, தனிச் சொல்லை அகராதியில் தேடாமல் முழுத் தொடரையும் தேடுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலேயே தேடலாம். ஆனால் மொழிபெயர்ப்புச் செயலி சில வேளைகளில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடும். தொடரோடு 'மீனிங்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் சரியான விளக்கம் கிடைக்கும்.

மூன்றாவதாக, கொப்பியில் குறித்துக் கொள்ளும்போது தொடரை மட்டும் எழுதாமல், யார், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். சந்தர்ப்பம் நினைவிருந்தால் பொருள் மறக்காது.

நான்காவதாக, இதுவே முக்கியம், கேளுங்கள். 'வட் டூ யூ மீன்? ப்ளீஸ் டெல் மீ இன் சிம்பிள் வேர்ட்ஸ்.' இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இன்னும் நேராகக் கேளுங்கள்: 'இஸ் ஹீ இன் டேஞ்சர்? யெஸ் ஓர் நோ?' அதுவும் வராவிட்டால், தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். 1987-இல் செய்யப்பட்ட 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரச கரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்ட பிறகு, நம் குடும்பங்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. உம்மா ஓரிடம், பிள்ளை ஓரிடம். பேரப்பிள்ளையின் மொழி வேறு. இடையில் இருப்பது ஒரு தொலைபேசியும் சில சொற்களும்தான். அந்தச் சொற்களும் விளங்காமல் போனால் உறவில் இன்னும் ஒரு கடல் கூடிவிடும்.

அந்த உம்மம்மாவை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். வைத்தியர் அதே சொற்களைச் சொல்கிறார். இம்முறை அவர் தலையாட்டவில்லை. "மகன், எனக்கு விளங்கவில்லை. ஆபத்தா, இல்லையா? யாரையாவது தமிழில் சொல்லச் சொல்லுங்கள்" என்கிறார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த தாதி திரும்பி வந்து இரண்டே வரியில் தமிழில் சொல்கிறார். அன்றிரவே மகன் விமானம் ஏறுகிறான்.

கேட்டதால் உம்மம்மாவின் மரியாதை குறைந்துவிட்டதா, சொல்லுங்கள்?